நிறைபேணி

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். இருக்கக் கதிரை இல்லை என்பதல்ல. கதிரைகள் இருக்கின்றன, அவற்றின் மேல் வெட்டி நிறம் பூசிய எழுத்துகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. என் மனைவி சுகந்தி ஆரம்பப்பிரிவு ஆசிரியை. விடுமுறை விட்ட அன்றே, யாரோ ஒரு வெளிநாட்டு ரீச்சர் வகுப்பறை அடுக்குகிற காணொளிகளைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கிவிடுவாள். விடுமுறை முடிவதற்குள் எங்கள் விறாந்தை, கூடம், குசினியில் பாதி எல்லாம் தரம் இரண்டாக மாறிவிடும். நேற்று நான் ஆனாவில் தடுக்கி ஔவன்னாவின் மேல் விழுந்தேன்.

"பாத்துக் காலை வையுங்கோ, அது இன்னும் காயேல்ல" என்றாள்.

எனக்குக் காயமா என்பது ஔவன்னா காய்ந்த பிறகுதான் விசாரிக்கப்பட்டது.

இந்த வீட்டில் எனக்குத் தரப்பட்டிருக்கும் பதவி வெறும் தகரப் பேணி கழுவுவது. பென்சிலுக்கு ஒரு பேணி, கத்தரிக்கோலுக்கு ஒரு பேணி, நிறப்பென்சிலுக்கு நிறத்துக்கு ஒரு பேணி. நானும் அதிபராக இருக்கிறேன், ஆனால் அது வேறு பள்ளிக்கூடத்தில். நேற்றுப் பின்னேரம் ஒரு மோல்ற் பேணியின் மூடியைக் கழற்றினேன். அடியில் ஒட்டிக்கிடந்த தூளும் தகரமும் சேர்ந்து ஒரு மணம் வந்தது. மூக்கை உள்ளே விட்டபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ" என்றாள் சுகந்தி, திரும்பிப் பாராமலே. "இப்ப ஒருதரும் அதை நிரப்பித் தாங்கோ எண்டு வரமாட்டினம்."

அவளுக்குத் தெரியும். அவளும் அங்கே இருந்தவள்தானே.

நான் ஆசிரியனாகிய முதல் வருடம் அது. வன்னியில் விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு செம்மண் ஒழுங்கையின் முடிவில் பள்ளிக்கூடம். போர் முடிந்து, சனங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து, புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் குடியேறி, வேலி போடத் தொடங்கியிருந்த காலம். வீடுகளுக்கு இலக்கம் இருந்தது, கதவு இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்கு ஒரே மண்டபம். அரைச்சுவர், மேலே தகரம், நடுவில் காற்று. ஒரு முனையில் நான், தரம் ஒன்று. நடுவில் தரம் இரண்டு, சுகந்தி ரீச்சர். அந்தக் காலத்தில் அவரை நான் "என்றார்" என்றுதான் எழுதியிருப்பேன், அவ்வளவு மரியாதை.

ஓகஸ்ட் விடுமுறைக்குச் சற்று முன்பு ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து எங்களுக்குச் செயலமர்வு வைத்தார். கழிவுப் பொருளில் கற்றல் உபகரணம் செய்வது எப்படி என்பது தலைப்பு. வகுப்பறையின் நான்கு மூலைகளும் பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்றார். வாசிப்பு மூலை, கணித மூலை, இயற்கை மூலை, கடை மூலை. விடுமுறைக்குள் செய்து முடித்தால், பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் பணிப்பாளரே நேரில் வந்து பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் கணக்குப் பார்த்தோம். மண்டபத்துக்கே நான்கு மூலைகள்தான். ஒரு முனையில் இருந்த எனக்கு இரண்டு, மறுமுனையில் இருந்த தரம் மூன்றுக்கு இரண்டு. நடுவில் இருந்த சுகந்தி ரீச்சருக்கு ஒரு மூலைகூட இல்லை. அவர் இரண்டு மேசைகளைச் சேர்த்து நிமிர்த்தி ஒரு மூலையை உண்டாக்கத் தொடங்கினார். நான் என் சொத்தின் பெருமையில் டிமை பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: கணித மூளை.

சுகந்தி ரீச்சர் வந்து நின்று வாசித்தார்.

"சேருக்கு மூலை ரெண்டு இருக்கு. மூளையைத்தான் சுவரில ஒட்டி வச்சிட்டியள்."

அந்த ளகரத்துக்கு மேல் ஒரு லகரம் வெட்டி ஒட்டினேன். வருடம் முடியும்வரை அது கீழிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பசை காய்ச்சினேன். வெதுவெதுப்பான பசையின் மணம் எனக்கு மட்டும் பிடித்த மணம் என்று நினைத்திருந்தேன். ஒன்றிலிருந்து இருபது வரை எண்களை வெட்டி அரைச்சுவர் நீளத்துக்கு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒன்பதோடு எண்கள் முடிந்துவிட்டன. வெளியே கட்டாக்காலி மாடு ஒன்று, பத்திலிருந்து இருபது வரை அசைபோட்டபடி நின்றது.

"சேரின்ர கணக்கு மாட்டுக்கு நல்லாச் சமிக்குது" என்று நடுவிலிருந்து குரல் வந்தது.

மாடு தின்னாத பொருளால்தான் இனி எதையும் செய்வது என்று அன்று முடிவெடுத்தேன். தகரம் மாடு தின்னாது. அப்படித்தான் என் முழுப் பலத்தையும் கடை மூலையில் இறக்கினேன்.

கடைக்கு இரண்டு பலகையும் கொஞ்சம் செங்கல்லும் போதும். சரக்குத்தான் வேண்டும். அதற்கும் வழி செய்திருந்தேன். விடுமுறை விட்ட அன்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன்: "வீட்டில இருக்கிற வெறும் பேணி, பெட்டி, பக்கற் எல்லாம் கொண்டு வாங்கோ. நான் காலமையில பள்ளிக்கூடத்திலதான் நிப்பன்." என் வாழ்க்கையில் இவ்வளவு சேதம் விளைவித்த வசனத்தை நான் வேறு எப்போதும் சொன்னதில்லை, கலியாணம் கேட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் கொண்டு வந்தார்கள். யாருடையது எது என்று மாறக்கூடாதே. என் வகுப்பில் டிலக்சன் என்று மூன்று பேர். அதனால் ஒவ்வொரு பேணியின் அடியிலும் மாக்கரால் தகப்பன் அல்லது தாயின் பெயரை எழுதினேன். அங்கே ஒரே பெயரில் தகப்பன்மாரும் இருந்தார்கள். அதனால் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு இலக்கத்தையும் எழுதினேன். ஒழுங்கான மனிதன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு பிள்ளைகள் வருவது நின்று, தாய்மார் வரத் தொடங்கினார்கள். கல்வியில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். அவர்களில் மாரியம்மாக்காவை மறக்க முடியாது. தாய்தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பேச்சில் அந்தத் தேயிலைத் தோட்டத்து இழுவை போகவில்லை. பெரிய பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதுலதாங்க சேர் நாங்க குளிக்கிறது. பேர எழுதிக்கிடுங்க. பெரிய பேணின்னும் போட்டுக்கிடுங்க."

"குளிக்கிற பேணியைத் தந்தால் எப்பிடி அக்கா குளிப்பியள்?"

"கொஞ்ச நாளுதானே சேர்."

அவர் மகள் தமயந்தி என் வகுப்பில் படித்தாள். மகளுக்காக இப்படியொரு தியாகமா என்று நெஞ்சு நெகிழ்ந்து, "மாரியம்மா, பெரியது" என்று அழகாக எழுதினேன்.

அந்தக் குடியிருப்பில் வெறும் பேணி என்று ஒன்று இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மீன் ரின் விளக்காக இருந்தது. ரின்பால் பேணி அரிசி அளந்தது. பிஸ்கற் பெட்டிக்குள் விதை மிளகாய் இருந்தது. அதையெல்லாம் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாத ஒருவர் உடையார்கட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் ஓர் உரப்பை நிறையப் பேணியோடு வந்தார்.

"எங்கட பக்கம் எப்ப சேர்?"

"எது அண்ணை?"

"சரி சரி. விளங்குது" என்று கண்ணடித்தார். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெயரை எழுதிக்கொண்டேன்.

இதற்குள் சோளகக் காற்று உக்கிரமாக அடித்தது. அரைச்சுவருக்கு மேலால் புகுந்த காற்று, அடுக்கி வைத்த பேணிகளை ஒவ்வொரு இரவும் நிலத்தில் உருட்டிவிடும். காலையில் வந்து பொறுக்கி அடுக்குவதே வேலையாகிவிட்டது. கடைசியில் ஒரு பின்னேரம் வாளியோடு உட்கார்ந்து எல்லாப் பேணிகளையும் மண்ணால் நிரப்பினேன். வெள்ளை மணல் போட்டதில் சீனி என்று எழுதினேன், செம்மண் போட்டதில் மிளகாய்த்தூள் என்று எழுதினேன். காற்று இனி என்ன செய்யும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் சுகந்தி ரீச்சர் வழக்கத்தைவிட வேளைக்கே வந்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கி வைத்த சிரிப்பு.

"சேர் வலு பெரிய ஆளாம்."

"என்ன ரீச்சர்?"

"வெறும்பேணி குடுத்த ஆக்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம் துவங்கிற அண்டைக்கு நிறைபேணி குடுக்கப் போறியளாம். பால்மாப் பேணிக்குப் பால்மா, மீன் ரின்னுக்கு மீன். வெளிநாட்டில இருந்து வருதாம்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்ல எண்டு கேளுங்கோ. நீங்கள்தானே பேரும் வீட்டு நம்பரும் பதிஞ்சனீங்கள்."

பதிவு. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் வெளித்தது. வருடக்கணக்காகப் பெயரும் இலக்கமும் எழுதுகிறவர்கள் வந்தால் பின்னாலேயே அரிசியோ கூரைக்குத் தறப்பாளோ வந்த ஊர் அது. எழுத வந்தவன் விளையாட்டுக் கடைக்கு எழுதுகிறான் என்று அவர்கள் ஏன் நினைக்க வேண்டும்?

"நான் இல்லையெண்டு சொல்லுறன்."

"சொல்லுங்கோ. ஆனால் நேற்றுப் பின்னேரம் நீங்கள் பேணியளை நிரப்பி நிரப்பி அடுக்கினதைக் கண்ணால கண்ட ஆக்கள் இருக்கினம்."

நான் அவசரமாகப் போய்ப் பேணிகளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். எனக்கு முன்பு ஏதோ நிவாரண நிறுவனத்தின் தொப்பி போட்ட ஒருவர் அந்தக் குடியிருப்புக்கு வந்து, தையல் மெசின் தருவதாகப் பெண்கள் எல்லோரையும் பதிந்துகொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை. அவருக்கு அங்கே "பதிவுகாரன்" என்று பெயர். பொய் சொல்லுகிற பிள்ளையைக்கூடத் தாய்மார் "பதிவுகாரன் மாதிரிக் கதையாத" என்றுதான் ஏசுவார்கள். முதல் நியமனத்தில் முதல் வருடத்திலேயே அந்தப் பெயர் எனக்கு விழுந்தால், யார் என்னை நம்பிப் பிள்ளையை அனுப்பப் போகிறார்கள்? காய்ச்சல் என்று லீவு போடலாமா, இடமாற்றம் கேட்கலாமா, இந்தியாவுக்குப் போய்ச் சாமியாராகலாமா என்று அன்று மத்தியானத்துக்குள் எல்லா வழிகளையும் ஆராய்ந்தேன். சாமியார் வழிதான் கொஞ்சம் நடைமுறைக்கு ஒத்துவந்தது.

சந்தித் தேநீர்க்கடைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணை, நான் ஒருதருக்கும் ஒண்டும் குடுக்கப் போறேல்ல."

கடைக்காரர் தேநீரை ஆற்றியபடி தலையாட்டினார். "ஓம் ஓம். நீங்கள் அப்பிடித்தான் சொல்லவேணும்."

"உண்மையாவே இல்லை அண்ணை."

"முதல் இல்லையெண்டுதான் சேர் சொல்லுவினம். பிறகுதானே லொறி வரும்." என்னை அருகில் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "மீன் ரின் ஒண்டும் கடையில நிக்குதில்லை. சனம் வேண்டித் திண்டு திண்டு பேணி சேர்க்குது. இன்னும் ரெண்டு பெட்டி எடுக்கட்டோ, இல்லாட்டி பதிவு முடிஞ்சுதோ?"

அதிபரிடம் ஓடினேன். இளைப்பாற இன்னும் கொஞ்சக் காலமே இருந்த மனிதர், எந்தச் செய்திக்கும் வெற்றிலையை நிறுத்தாதவர்.

"தம்பி, பணிப்பாளர் வாறது உறுதி. சனம் வாறதும் உறுதி. நீர் கடையைத் திறவும்" என்றார். "நான் உம்மட கடைப்பக்கம் வரேல்ல."

பள்ளிக்கூடம் தொடங்கும் நாள் காலையில் படலையடிக்கு வந்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. சனங்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, பிள்ளைத்தாய்ச்சிகளும் வயதானவர்களும் முன்னால், கையில் மடித்த பைகளோடு. தள்ளுமுள்ளு இல்லை, சத்தமில்லை. அந்த வரிசையை அவர்கள் எங்கே படித்தார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் படித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பாளரின் வாகனம் வந்தது. நிவாரணக்காரரின் வாகனங்கள் போலவே வெள்ளை நிறம். வரிசையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியதை நான் கேட்டேன்.

இறங்கிய பணிப்பாளர் அசந்துபோனார். இத்தனை பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறேன், தவணை தொடங்கும் நாளில் இத்தனை பெற்றோரைக் கண்டதில்லை என்று அந்த இடத்திலேயே பேசத் தொடங்கினார். பெற்றோரின் பங்களிப்பு, பாடசாலைச் சமூகம், நாளைய தலைவர்கள் என்று பேச்சு நீண்டது. சனங்கள் அசையாமல் கேட்டார்கள். தருவதற்கு முன்பு பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பேச்சு நீண்டால் சாமானும் கூட வரும் என்பது அனுபவம். முடிவில் கைகூடத் தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியது. மாரியம்மாக்கா கேட்டார்:

"சரிங்க ஐயா. எப்ப குடுப்பீங்க?"

பணிப்பாளர் அதிபரைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"அக்காமார், அண்ணைமார்" என்று தொடங்கினேன். குரல் ஆட்டுக்குட்டியின் குரலாக வந்தது. "நான் வெறும்பேணி கேட்டது பிள்ளையள் கடை வச்சு விளையாட. வீட்டு நம்பர் எழுதினது பேர் மாறாமல் இருக்க. தர என்னட்ட ஒண்டுமில்லை. லொறி ஒண்டும் வராது."

இந்த முறை நம்பினார்கள். நம்பியது முகங்களில் தெரிந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் "இதுவும் ஒரு பதிவு..." என்று தொடங்கியது.

"அப்ப எம் பேணி எங்க?" என்று வெட்டினார் மாரியம்மாக்கா. வரிசையை விட்டு நேரே மண்டபத்துக்குள் நடந்தார். பின்னால் முழு வரிசையும் நடந்தது, வரிசை குலையாமலே.

உள்ளே என் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் பிரச்சினை எதையும் அறியாமல் கடையைத் திறந்து வியாபாரம் தொடங்கியிருந்தார்கள். கடைக்காரி தமயந்தி.

"என்னா வேணும்?" என்றாள் தாயிடம், முன்பின் தெரியாதவள் மாதிரி.

"அந்தப் பெரிய பேணிய எடு."

"காசு?"

மாரியம்மாக்கா அரைச்சுவருக்கு வெளியே கையை நீட்டி வேப்பிலை ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். தமயந்தி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேணியைத் தள்ளிவிட்டாள். மாரியம்மாக்கா ஒரு கையால் தூக்கினார், பாரத்தில் கை கீழே இறங்கியது. குனிந்து உள்ளே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெறபேணிதாங்க" என்று அவர் குரல் கேட்டது. "மண்ணு."

முதலில் சிரித்தது அவர்தான். பேணி மண் சிந்தச் சிந்தச் சிரித்தார். "பதிஞ்சபடியே குடுத்துட்டாருடியோ சேரு. பெரிய பேணிக்குப் பெருசா மண்ணு." பிறகு வரிசை முழுதும் சிரித்தது. அதன்பின் ஒவ்வொருவராக வந்து இலை கொடுத்தார்கள், அடியில் பெயர் பார்த்தார்கள், மண்ணைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத் தங்கள் பேணியை எடுத்துக்கொண்டார்கள். "என்ர மிளகாய்த்தூள் எங்க சேர்?" "சீனி ஈரமாக் கிடக்குது." பெயர் எழுதியிருந்ததால் ஒரு பேணிகூட மாறவில்லை. அந்த ஒழுங்கை ஒருவரும் மெச்சவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொன்னால் பொய். உரப்பையோடு வந்த அண்ணன் தன் பேணிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பாராமலே போனார். அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர்.

பணிப்பாளர் வகுப்பைப் பார்க்க வந்தபோது பலகையில் ஒரு பொருளும் இல்லை. தரையில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு மண்மேடு, அதற்குள் தரம் ஒன்று முழுவதும் புதைந்திருந்தது.

"யாவாரம் பரவாயில்லை போல" என்றார்.

எனக்குப் பெயர் விழுந்தது. பதிவுகாரன் அல்ல, பேணிச்சேர். "மாடு திண்ட கணக்குக்கு இது லாபம்" என்றார் சுகந்தி ரீச்சர். தவணை முடியும்வரை ஒரு பிள்ளையும் வகுப்பிலிருந்து நிற்கவில்லை. தமயந்தி மட்டும் நீண்ட நாளாக என்னிடம் இலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களுக்கு முன்பு அதே பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு மாங்கன்று கொடுத்தார்கள். பழைய ஆசிரியன் என்று என்னை அழைத்து ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். ஒலிவாங்கி கிடைத்தால் நானும் பணிப்பாளர்தான். கொஞ்சம் பேசிவிட்டுத்தான் தருவது என்று தொண்டையைச் செருமினேன். ஒருவரும் கேட்கவில்லை. பிந்தி வந்தார்கள், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே "என்ன கண்டு, கறுத்தக்கொழும்பானோ?" என்று கேட்டார்கள், நல்ல கன்றுக்கு ஆளையாள் தள்ளினார்கள். இலக்கம் கூப்பிட்டால் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தயவுசெய்து எல்லாரும் வரிசையில வாங்கோ" என்று கத்தினேன். கத்திக்கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

இடுப்பில் பிள்ளையோடு ஓர் இளம் தாய் என்னைத் தாண்டிக் குனிந்து, இருந்ததிலேயே கொழுத்த கன்றாகப் பார்த்துத் தூக்கினாள்.

"தங்கச்சி, வரிசை."

"வரிசையில நிண்டதெல்லாம் எங்கட அம்மாக்களோட முடிஞ்சுது சேர்" என்றாள் சிரித்துக்கொண்டு. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, காலில மண் கொட்டப்போகுது."

நான் தள்ளி நின்றேன். ஒலிவாங்கியையும் நிறுத்திவிட்டேன்.